லஹ்சன் மாமா எழுதாத எழுத்து

பந்தோல் மலைச்சரிவு,
பிப்ரவரி 9

மாண்புமிகு இத்ரிஸ் அவர்களின் சமூகத்துக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் ஒயின் கூடத்துப் பூனை கடந்த செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணியளவில், பாரிஸிலிருந்து வெளிர்சிவப்பு ரோஸே ஒயின் வாங்க வந்திருந்த திருமதி வோக்லான் அம்மையாரின் தொப்பிக்குள் நான்கு குட்டிகளை ஈன்றது. தாயும் சேய்களும் நலம். தொப்பி நலமில்லை. அம்மையார் போட்ட கூச்சலில் மேல் துண்டுத் தோட்டத்தில் கவாத்துச் செய்துகொண்டிருந்தவர்கள் கத்தரியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். குட்டிகளில் ஒன்று வெள்ளை, மற்ற மூன்றும் அழுத்தமான நிறம். அந்த அம்மாள் கைப்பையிலிருந்து ஒயின் நிறம் பார்க்கும் வண்ண அட்டையை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, வெளுத்த குட்டியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பிவிடுமோ என்று பயந்துபோனேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள் உண்டு. இவர்களுக்கு வெளுத்தது மட்டும்தான் ஒயின்.

நிற்க. போனில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். வைத்துக்கொள். தபால்காரரைத் தடுக்க இன்னும் பொத்தான் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் புது டன்கிர்க் முகவரியை உன் அம்மா ரொட்டிக்கடை நொயெலியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவளிடமிருந்து அதை வாங்க ஒரு வாரம் நான் அந்தக் கடையைக் கூட்டினேன். எங்கள் சொந்தத் தோட்டத்துக்குக்கூட நான் இவ்வளவு உழைத்ததில்லை என்பது உனக்கே தெரியும். ஆகவே கிழிக்காமல் படி.

உன் அப்பா இடத்துக்கு ஆள் போட்டிருக்கிறார்கள். பெயர் திபோ. படித்தவர். உன் அப்பா லஹ்சன் மாமா ஒரு சொட்டுகூட விழுங்காமல் வாயில் சுழற்றித் துப்பிவிட்டு ஒயினின் ஜாதகத்தையே சொல்வார். என் அப்பா ருசி பார்க்காமலே விழுங்குவார். இவர் விழுங்குவதும் இல்லை, துப்புவதும் இல்லை, கம்ப்யூட்டரைப் பார்க்கிறார். போன வாரம் பிழிபொறியின் கதவு திறக்கவில்லை என்று இருபது நிமிடம் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் போய் வலது மூலையில் ஓர் உதை விட்டேன். திறந்தது. “இது எந்தப் பக்கத்துல இருக்கு?” என்று கையேட்டைக் காட்டிக் கேட்டார். “அது டன்கிர்க்குக்குப் போயிடுச்சு சார்” என்றேன். அப்பா என்னை முறைத்தார்.

உங்கள் வீட்டைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள். கதவுக்கு ஊதா வண்ணம் அடித்துவிட்டார்கள். கோடையில் சுற்றுலாக்காரர்களுக்கு விடப்போகிறார்களாம். உன் அம்மா துணி காயப்போட்ட அத்திமரத்தில் ஊஞ்சல் தொங்குகிறது. உன் அறைச் சுவரில் நாம் வரைந்த கணக்கு வாத்தியாரின் கழுதைக் காதுகள் இரண்டு பூச்சுக்கு அப்புறமும் லேசாகத் தெரிகின்றன. கலை அழியாது.

செப்டம்பரில் நடந்ததை ஊர் இன்னும் மென்றுகொண்டிருக்கிறது. வெளுத்த ரோஸே இருக்க வேண்டிய பெரிய தொட்டி எப்படி மாதுளைச் சாறானது? ரத்தமாகச் சாறு விடும் அந்தப் பழைய அலிகாந்த் வரிசைத் திராட்சை பிழிபொறிக்குள் எப்படி விழுந்தது? அது வந்த பெட்டியின் மேல் “சான்சோ, கீழ்த் துண்டு” என்று வெளுத்த சாறு விடும் திராட்சையின் பெயரைச் சாக்பீஸால் எழுதியிருந்ததே, அது யார் எழுத்து? இரும்புக்குண்டு விளையாடும் திடலில் தினமும் இதே விசாரணைதான். “வயசாச்சுல்ல, கண்ணு மங்கியிருக்கும்” என்பார் ஒருவர். “கண்ணு மங்கினா மங்கட்டும்ப்பா, நான்தான் எழுதினேன்னு ஒத்துக்கிட்டா முடிஞ்சு போச்சு” என்பார் இன்னொருவர். அப்பாவின் பாட்டும் அதே ராகம்: “தொட்டி கெட்டதுக்கு நான் அவனை அனுப்பலை. யாருக்கும் தப்பு வரும். இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தவன், தன் எழுத்தைக் கண்ணெதிர வச்சுக்கிட்டு, நான் எழுதலை முதலாளின்னு மூணு தடவை சொன்னான் பாரு. பக்கத்துலேயே எழுதிக் காட்டச் சொன்னேன். எழுதினான். அச்சு அசல் அதேதான். அப்பவும் இல்லைங்கிறான். பொய் சொல்றவனோட எப்படிடா ஒயின் பண்றது?”

ஆனால் நீ கவலைப்படாதே. உன் குடும்பத்துக்காக இங்கே ஒரு வக்கீல் இருக்கிறேன். புத்தாண்டு விருந்தில், அத்தனை பேருக்கு முன்னால், மேஜையில் ஓங்கித் தட்டி, “லஹ்சன் மாமா எழுதலைன்னா எழுதலைதான்!” என்றேன். கோப்பைகள் குதித்தன. திடலிலும் நான் நுழைந்தாலே பேச்சை மாற்றிவிடுகிறார்கள். எழுதியவன் யார் என்று தனியாளாகத் துப்புத் துலக்கிக்கொண்டிருக்கிறேன். அடுத்த அறுவடைக்கு முன் உன் அப்பா இந்தக் கூடத்தில் இருப்பார். இது கஸ்பாரின் வாக்கு.

குளிருக்குக் கழுத்துத்துணி கட்டிக்கொள். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

இங்ஙனம்,
உண்மையின் காவலன்,
கஸ்பார்


பந்தோல் மலைச்சரிவு,
ஜூன் 14

டேய் இத்ரிஸ்,

நான் மூன்று பக்கம் எழுதினேன். நீ மூன்று வரி எழுதியிருக்கிறாய். அதில் ஒரு வரி முகவரி. பரவாயில்லை. கப்பல் படம் நன்றாக இருந்தது. அந்தக் கப்பலுக்கும் குளிருகிற மாதிரி இருந்தது.

“அப்பா உருளைக்கிழங்குக் கிடங்கில் இருக்கிறார். சாப்பிடும்போது ஒன்றே ஒன்று கேட்கிறார்: அதை யாருடா எழுதியிருப்பாங்க?” இதைத்தான் பத்துத் தடவை படித்தேன். உருளைக்கிழங்கை ருசி பார்த்துத் துப்ப முடியுமா என்று கேட்டு ஒரு நகைச்சுவை எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். மேலே கிறுக்கியிருப்பது அதுதான்.

இங்கே பூ உதிர்ந்து காய் பிடித்துவிட்டது. மிளகு அளவில் இருக்கிறது. இந்த ஆண்டு நல்ல காய்ப்பு என்கிறார் அப்பா. சொல்லும்போது முகத்தில் சந்தோஷம் இல்லை. திபோ இலைகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். ஒரு கொடிக்கு எத்தனை இலை என்று அவருக்குத் தெரியும். மிஸ்திரால் காற்று எப்போது வரும் என்று தெரியாது. முந்தாநாள் அவருடைய காகிதங்கள் எல்லாம் கடலைப் பார்க்கப் போயின. ஒன்றிரண்டை நானும் வழியனுப்பி வைத்தேன்.

ஒரு வேடிக்கை கேள். அம்மையார் வேண்டாம் என்று தள்ளிய அந்த மாதுளை ரோஸே இருக்கிறதே, அதை அப்பா சும்மா சின்ன பாட்டில்களில் அடைத்து ஊர்க்காரர்களுக்கு விட்டார். ஊர் முழுக்க அதைத்தான் குடிக்கிறது! “இத்தனை வருஷத்துல உன் வீட்டு ரோஸே இதுதான்யா ரோஸே மாதிரி இருக்கு” என்று மீன்காரர் அப்பாவின் தோளில் தட்டினார். அன்றைக்கே உன் அப்பா துப்பிவிட்டுச் சொன்னார், நினைவிருக்கிறதா? “நிறம்தான் கெட்டுச்சு முதலாளி, ருசி கெடலை.” அப்போது அதைக் காதில் வாங்க யாருக்கும் காது இல்லை. மீன்காரர் போன பிறகு அப்பா அந்தக் கோப்பையை மிச்சம் வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை.

இனி முக்கியச் செய்தி. உன் அப்பாவின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொள். கோஸ்மே.

ஆமாம், நம் கோஸ்மேதான். ஒவ்வோர் அறுவடைக்கும் ஸ்பெயினிலிருந்து வருகிறாரே, டிராக்டரில் பெட்டிகளைக் கூடத்துக்குக் கொண்டுவருகிறவர். யோசித்துப் பார். அந்தப் பெட்டியைத் தொட்டவர்களில் உன் அப்பாவை விட்டால் அவர்தான். சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ். ஒன்பது வருடமாக உன் அப்பாவின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் அது கைவந்திருக்கிறது. வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். பெட்டி மாறியிருக்கும், பயந்து வாயை மூடிக்கொண்டிருப்பார். இதையெல்லாம் சேர்த்துக் கட்டியது யார்? அடியேன். காவல் துறையில் என்னைச் சேர்க்காமல் விட்டால் நாட்டுக்கு நஷ்டம்.

உன் அப்பாவிடம் சொல். இனிமேலாவது நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

வெற்றியுடன்,
துப்பறியும்
கஸ்பார்


பந்தோல் மலைச்சரிவு,
ஆகஸ்டு 26

இத்ரிஸ்,

உன் கடிதம் நேற்று வந்தது. இந்தத் தடவை நீ நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். மூன்று வரியே போதும் என்று இருந்தது எனக்கு.

உன் அப்பா கோஸ்மேக்குப் போன் செய்ததை எழுதியிருக்கிறாய். “ஒரே மரத்தடியில ஒன்பது அறுவடை சோறு தின்னோமேடா, என் எழுத்தைத் திருட உனக்கு எப்படி மனசு வந்துச்சு?” என்று கேட்டாராம். அவர் பதிலுக்கு, “அம்மா மேல சத்தியமா நான் இல்ல லஹ்சன், நான் இல்ல, நான் இல்ல” என்றாராம். மூன்று தடவை. உன் அப்பா போனை வைத்துவிட்டாராம். பிறகு உன் அம்மாவிடம், “இதே மாதிரிதான் நானும் சொன்னேன். இவன் பொய் சொல்லலை” என்றாராம்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் இல்லை என்றால் நான்தானே என்கிறாராம். நானே எழுதிவிட்டு மறந்திருக்கிறேன் என்கிறாராம். மறதி நோயோ என்று மருத்துவரிடம் போயிருக்கிறார். கிடங்கில் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். அடுப்பை அணைத்தேனா என்று உன் தங்கையிடம் ஐந்து தடவை கேட்கிறார். “முதலாளி சொன்னது சரிதான், நான்தான் அவரைப் பொய்யர் ஆக்கிட்டேன், மன்னிப்புக் கேட்டு எழுதணும்” என்கிறார் என்று எழுதியிருக்கிறாய்.

கோஸ்மேயும் அப்பாவுக்குப் போன் செய்தார். இந்த ஆண்டு வரவில்லையாம். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, “அங்க வந்து யாரோட உக்காந்து சாப்பிடறது முதலாளி?” என்றாராம். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

இத்ரிஸ், கோஸ்மே இல்லை. உன் அப்பா இல்லை. நான்.

எப்படி என்று எழுதுகிறேன். நம் வழக்கம் உனக்குத் தெரியும்: கொடியில் ஒரு கொத்தை விட்டுவிட்டுப் போகிறவரின் முகத்தில் அந்தக் கொத்தையே நசுக்கித் தேய்ப்பது. வேறு ஊர்களில் முகத்தில் கரியைப் பூசுவார்கள், நாம் பழத்தைப் பூசுகிறோம் என்று நாம்தான் பெருமையடித்துக்கொள்வோமே. அந்த வாரம் நான் மூன்று கொத்துகளை விட்டேன். நொயெலி மூன்றையும் என் மூஞ்சியில் தேய்த்தாள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். முப்பது பேர் சிரித்தார்கள். சாதாரணத் திராட்சை, கழுவினால் போய்விடும். எனக்கு அது போதவில்லை. கழுவினாலும் போகாத ஒன்றால் எல்லாருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். முதலில் உன் மூஞ்சிக்கு.

மறுநாள் எல்லாரும் மதியச் சாப்பாட்டில் இருந்தபோது அந்த அலிகாந்த் வரிசையைப் பறித்தேன். மறுநாளும் பறித்தேன். நல்ல காரியத்துக்கு வளையாத முதுகு அன்றைக்கு எப்படி வளைந்தது பார். ஒரு பெட்டி நிறைந்தது. கடைசி நாள் விருந்தில் வெளியே இழுத்து எல்லார் முகத்திலும் தேய்ப்பதாகத் திட்டம். அதுவரை யாருக்கும் தெரியக் கூடாது என்று மேலே நான்கு விரல் உயரத்துக்குச் சான்சோவைப் பரப்பினேன். கூடத்தின் நிழலில் வைத்தேன். அப்பா கேட்டுவிடுவாரே என்று சாக்பீஸை எடுத்து “சான்சோ, கீழ்த் துண்டு” என்று எழுதினேன். உன் அப்பா எழுத்தில். நம் பள்ளி விடுப்புக் கடிதங்களை எல்லாம் அவர் எழுத்தில் எழுதியது யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் முதல் எழுத்துக்குப் போடும் அந்த வளைவைப் போட்டபோது எனக்கு ஒரே பெருமை. எழுதிவிட்டுக் கடலில் குதிக்கப் போய்விட்டேன்.

அன்றைக்கு நாற்பது பெட்டிகள். உன் அப்பா அதைப் பார்த்தார். தன் எழுத்தைப் பார்த்தார். தன் கையெழுத்தை யார் சந்தேகப்படுவார்கள்? பொறிக்குள் கொட்டினார். சாறு குழாய் வழியாக நேரே பெரிய தொட்டிக்குப் போய்விட்டது.

நான் ஈரத் தலையோடு திரும்பி வந்தபோது எல்லாரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். அப்பா எழுதிக் காட்டச் சொன்னார். உன் அப்பா சந்தோஷமாகத்தான் சாக்பீஸை வாங்கினார், இத்ரிஸ். இதோ இப்போது உண்மை தெரிந்துவிடும் என்கிற மாதிரி. எழுதி முடித்து ஓரடி பின்னால் வந்து இரண்டையும் பார்த்தார். அந்த முகத்தை நீ பார்க்கவில்லை. நீ உன் அம்மாவைக் கூப்பிடப் போயிருந்தாய். நான் பார்த்தேன். என் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை சிவப்பு. கால்சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன். வைக்காமல் இருந்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அறுவடையில் எல்லார் கையும் கறைதானே.

கேலிக்காகச் செய்தேன் என்று அப்போதே சொல்லியிருந்தால் ஓர் அறை விழுந்திருக்கும். அவ்வளவுதான். ஓர் அறைக்குப் பயந்தேன். மறுநாள் இரண்டு அறைக்குப் பயந்தேன். நீங்கள் வண்டியில் சாமான் ஏற்றியபோது எத்தனைக்கு என்று எண்ண முடியவில்லை. கோஸ்மே பெயரை எழுதியபோது அவர் தொலைவில் இருக்கிறார், அவருக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்தேன். தொலைவில் இருக்கிறவர்களுக்கு வலிக்காது என்று எப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. நீயும் தொலைவில்தான் இருக்கிறாய்.

இந்தத் தாளின் பின்பக்கம் அந்த மூன்று சொற்களை உன் அப்பாவின் எழுத்தில் எழுதியிருக்கிறேன். அவரிடம் காட்டு. மருத்துவர் தேவையில்லை என்று சொல். அவருக்கு ஞாபகம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அவர் எழுதவில்லை. மன்னிப்புக் கேட்டு அவர் என் அப்பாவுக்கு ஒரு வரிகூட எழுதிவிடக் கூடாது, தயவுசெய்து தடுத்துவிடு. எழுத வேண்டாம், போன் செய்யச் சொல். இந்தக் கடிதத்தை அப்படியே வாசித்துக் காட்டச் சொல். கோஸ்மேக்கும் நீ போன் செய். நான் செய்தால் அவர் எடுப்பாரோ என்னவோ.

திங்கட்கிழமை அறுவடை தொடங்குகிறது. நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று நான் இப்போது வாக்குக் கொடுக்கவில்லை. அந்த ஊதாக் கதவுக்குப் பின்னால் பெல்ஜியத்துக்காரர்கள் இருக்கிறார்கள். உன் அப்பா இந்தக் கூடத்தில் இனிமேல் கால் வைப்பாரா என்றும் தெரியாது. வைக்காவிட்டாலும் நியாயம். அவர் பொய்யர் இல்லை என்பது மட்டும் இங்கே எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

இதை நீயே உன் அப்பாவிடம் சொல்லித் தொலையேன்டா, ஏன் டன்கிர்க் வரை சுற்றிப் போகிறாய் என்று கேட்பாய். அதற்குத்தான் வருகிறேன். புத்தாண்டு விருந்தில் மேஜையைத் தட்டியதாக எழுதினேன் அல்லவா? தட்டவில்லை. கோப்பைகள் குதிக்கவும் இல்லை. உன் அப்பா பேச்சு வந்தபோது நான் கழிப்பறைக்குப் போய்விட்டேன். திடலில் நான் நுழைந்ததும் பேச்சை மாற்றுகிறார்கள் என்றதும் புளுகு; நான்தான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். சரி, இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நேற்று உன் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். அப்பா எதிரில். நான்கு தடவை வாயைத் திறந்தேன். நான்கு தடவையும் உப்பைத்தான் கேட்டேன். “சூப்பு கடலா கரிக்குமேடா, குடிச்சிருவியா?” என்றார் அப்பா.

குடித்துவிட்டேன்.

கஸ்பார்